ரானுயியில் ஒரு ஜனாதிபதி

சனிக்கிழமைகளில் நியூ லின்னில் மீன் வாங்குவது என் வழக்கம். தனி மனிதனுக்கு ஒரு முழு மீன் அதிகம். ஆகையால் சில்வெஸ்ரரை ரானுயியில் என் வீட்டுக்குச் சாப்பிட அழைப்பேன். மன்னார்க்காரர், மணமாகாதவர், ஹென்டர்சனில் ஒரு பேக்கரியில் வேலை. சாப்பிட்டபின் நான் ஒரு நீதிக்கதை சொல்வேன். அவர் முடிவுவரை கேட்பார். என் ஆசிரியத் தொழிலில் அப்படியொரு மாணவன் எனக்கு வாய்த்ததில்லை. எங்களிடையே பகை எதுவும் இருந்ததில்லை என்பதைப் பொலிஸ் அதிகாரி ஐயா விளங்கிக்கொள்ளவே இவற்றை முதலில் சொல்கிறேன். சுகந்தினி, நிதானமாகவே மொழிபெயர், பிள்ளை. எனக்கு அவசரமில்லை.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தது. கடலுக்கு அப்பால் ஒரு சிறு நாட்டின் ஜனாதிபதி போதைப்பொருள் கடத்தியதாக ஒரு வல்லரசு குற்றஞ்சாட்டியிருந்தது. ஆள் தலைமறைவு; பிடித்துக் கொடுப்பவருக்குப் பெருஞ் சன்மானம். படத்தில் இருந்தவர் பருத்தவர், மீசைக்காரர். சில்வெஸ்ரரும் நானும் சேர்ந்தே பார்த்தோம்.

"இவரைப் பிடிச்சுக் குடுத்தா, பிறகு நான் விடியக் காலமை எழும்பிப் பாண் போடத் தேவையில்லை, மாஸ்டர்," என்று அவர் சிரித்தார்.

பிறகு வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிறு சிட்னியில் தங்கை வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். "அப்ப நான் போறன், மாஸ்டர்."

போறன் என்றார். நம்மவர் யாரும் ஒரு வீட்டை விட்டு அப்படி வெளியேறுவதில்லை. சாகக் கிடப்பவரைப் பார்த்துவிட்டு எழும்பும்போதும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்வோம். அத்தனை சனிக்கிழமைகளும் அவரும் அதையே சொன்னவர். ஆக, இவர் நம்மவர் அல்லர். நம்மைக் கவனமாகப் பயின்ற அந்நியர். பயணம் நெருங்கியதும் ஒரு கணம் அசந்துவிட்டார்.

அதன்பின் யாவும் பொருந்தி வந்தன. சட்டைக் கைகளில் எந்நேரமும் வெள்ளைத் தூள்; பேக்கரி மா என்பார். மெலிந்த தேகம், ஓடி ஒளிபவர் மெலியாமல் என்ன செய்வார்? மீசையில்லை, மழித்திருக்கிறார்.

பயணத்துக்கு முதல்நாள் சாப்பிட அழைத்து, கராஜில் கிடந்த பழைய கட்டிலைத் தூக்க ஒரு கை கொடுக்கச் சொன்னேன். மறுக்கமாட்டார் என்று தெரியும். பிறகு அந்தக் கட்டிலில்தான் அவர் படுத்தார்.

அதுவரை அவரை 'நீர்' என்றே கூப்பிட்டு வந்தேன். அன்று முதல் 'நீங்கள்' என்றேன். ஒரு நாட்டின் தலைவருக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தானே வேண்டும்.

"மாஸ்டர், பகிடி விடாதேங்கோ. நான் மன்னார் பேசாலைச் சில்வெஸ்ரர். கதவைத் திறவுங்கோ, பிளேனுக்கு நேரமாகுது."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்," என்றேன்.

முதற்கிழமை கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மல்லிக் கோப்பி வைத்துக் கொடுத்தேன். சங்கிலி உரசிய கணுக்காலுக்கு மஞ்சள் பூசினேன். வாழ்நாளில் நான் பிரம்பைத் தொட்டதில்லை. பசி மட்டும் சில பாடங்களுக்குத் தேவைப்பட்டது.

அவருடைய நாட்டின் தலைநகர் எது என்று கேட்டேன். தெரியாது என்றார். சொந்தத் தலைநகரை அறியாத ஜனாதிபதி உண்டா? மறைக்கிறார் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, தலைநகர், ஆறுகள், அமைச்சர்கள் எல்லாவற்றையும் நானே கற்பித்தேன். குளிர்காலம் முடியுமுன் ஒரு பிழையுமின்றி ஒப்புவித்தார். அதைத்தான் நான் வாக்குமூலம் என்கிறேன்.

இடையில், அந்த ஜனாதிபதி வேறெங்கோ பிடிபட்டதாகச் செய்தி வந்தது. நிரபராதி ஒருவரைப் பிடித்து அடைத்துவிட்டார்களே என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலையில் கதை. ஆட்டு மந்தையில் ஒளிந்திருந்த ஓநாய் புல் மேயப் பழகிற்று, ஆடுபோலக் கத்தவும் பழகிற்று. பட்டியை விட்டுப் புறப்படும்போது ஆடுகளைப்போலத் திரும்பிப் பார்க்க மட்டும் மறந்துவிட்டது. பெரும்பாலும் அந்தக் கதைதான். ஒருநாள் அவர் கேட்டார்: "அது உண்மையிலை ஆடாயிருந்தா, மாஸ்டர்?"

கதையில் அதற்கு இடமில்லை என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

தங்கை விடாமல் முறையிட்டதால் நீங்கள் வந்தீர்கள். கராஜ் பூட்டின் திறப்பை நானே எடுத்துத் தந்தேன். "நீங்கள் சில்வெஸ்ரரா?" என்று கேட்டீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. சரியான விடையைத் தேடும் மாணவனைப்போல என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "ஜனாதிபதி," என்றார்.

சுகந்தினி இப்போது தன்பாட்டில் ஒன்று கேட்கிறாள்: "அப்ப சன்மானத்துக்கு ஏன் மாஸ்டர் ஒருக்காலும் போன் எடுக்கேல்லை?"

தொலைபேசி கூடத்தில்தான் இருந்தது. எடுத்திருந்தால் மறுநாளே அவரைக் கொண்டுபோயிருப்பார்கள். பாடம் முடியவில்லை, பிள்ளை.

ஆம், அடைத்துவைத்தவன் நானே. யாரும் என்னைத் தூண்டவில்லை. எங்கே கையொப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். ஆம்புலன்ஸில் ஏறுமுன் அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "போட்டு வாறன், மாஸ்டர்," என்று தெளிவாகச் சொன்னார். நீங்களும் அருகில்தான் நின்றீர்கள். ஆகையால் சனிக்கிழமைக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீன் வாங்கவேண்டும்.