தேதி இல்லாத மண்டபம்

அனுராதா: ஏட்டி, சிரிக்காத. உங்கள கைது பண்ணியிருக்கு. தெரியுதா, இல்லியா?

வேணி: தெரியுது எஸ்ஐ அம்மா... நிறுத்தணும்னுதான் பாக்கேன். முடிய மாட்டேங்கு.

அர்வா: வேன விட்டு எறங்கும்போதே ஆரம்பிச்சிட்டாம்மா. எனக்கும் தொத்திட்டு.

அனுராதா: நடுரோட்டுல உக்காந்து பஸ்ஸ மறிச்சிருக்கீங்க. இதுல சிரிப்பாணி வேற!

வேணி: நீங்களே சொல்லுங்கம்மா. நாங்க எதுக்கு மறியல் பண்ணுனோம்?

அனுராதா: இந்த மண்டபத்துல உங்களுக்கு எடம் தரலைன்னு.

வேணி: போலீஸ் எங்களப் பிடிச்சு எங்கன கொண்டாந்து வச்சிருக்கு?

அனுராதா: அதுக்கு இப்போ என்ன?

அர்வா: சொல்லுங்கம்மா... சும்மா சொல்லுங்க...

அனுராதா: இந்த மண்டபத்துலதான். போதுமா? மறியல்னா, பிடிச்சு ஒரு கல்யாண மண்டபத்துல வச்சிருந்து சாயந்தரம் விடுதது வழக்கம். இதான் பக்கத்துல இருந்துச்சு, கொண்டாந்தாச்சு. இதுல என்ன இருக்கு?

வேணி: என்ன இருக்கா? எங்க தெருக்காரங்க கல்யாணத்துக்குன்னு இந்த வாசப்படி ஏறுனதே இல்லம்மா! அரசாங்கப் பணத்துல கட்டுனது. யாரு வேணும்னாலும் வாடகைக்கு எடுக்கலாம்னு வெளிய போர்டு தொங்குது. நாங்க போயிக் கேட்டா மட்டும் தேதி இல்லம்பாங்க. தையில கேட்டா தேதி இல்ல. வைகாசியில கேட்டா தேதி இல்ல. கடுப்புல ஒரு தடவ ஆடி மாசம் குடுங்கன்னு கேட்டோம்.

அனுராதா: ஆடியிலயா?

அர்வா: அதுக்கும் தேதி இல்லன்னுட்டாங்கம்மா! ஆடி மாசத்துல எவன் கல்யாணம் வைக்கான்?

வேணி: இன்னைக்கு போலீசே கையப் பிடிச்சு உள்ள கொண்டாந்து விட்டுட்டு. ஃபேனும் போட்டு விட்டுட்டு!

அனுராதா: சத்தம் போடாதட்டீ. மண்டபக் கமிட்டித் தலைவர் வாசல்ல நிக்காரு. மூஞ்சி சுண்டிப் போயிக் கெடக்கு.

அர்வா: எங்க, எங்க... ஐயோ, ஆமா! வேணி, அங்கன பாரு, உங்க சித்தப்பா மணமேடைல ஏறிப் படுத்து உறங்குதாரு!

வேணி: உறங்கட்டும். இந்த மண்டபத்துக்கு வெள்ளையடிச்சது யாருங்க? அவருதான். அடிச்சு முடிச்ச மறுநாள் தண்ணி கேட்டதுக்கு வெளியவே நில்லுன்னுட்டாங்க.

அனுராதா: ம்... சரி, சாப்பாடு வந்துட்டு. எலுமிச்சம் சாதம். போயி வாங்குங்க.

வேணி: அரசாங்கச் செலவுல பந்தி! எங்கம்மா இலை போடலியான்னு கேக்கா.

அனுராதா: பொட்டலத்துக்கு எதுக்குட்டீ இலை?

அர்வா: பாயசம் உண்டாம்மா?

அனுராதா: ஏ பிள்ள, நீ யாரு? நீ அவங்க தெரு இல்லியே.

அர்வா: நான் மேலப்பாளையம்மா. வேணியும் நானும் காலேஜ்ல ஒரே பெஞ்சு. வாப்பாகிட்ட பரீட்சைன்னு சொல்லிட்டு வந்தேன்.

அனுராதா: என்ன பரீட்சை?

அர்வா: அத அவரும் கேக்கல, நானும் சொல்லல.

அனுராதா: நல்லா இருக்கு கத. சரி, ஒண்ணு கேக்கேன். மறியலுக்கு எவளாவது பட்டுச்சேல கட்டிட்டு வருவாளா?

வேணி: போராட்டம்னா ஒரு மரியாதை வேண்டாமாம்மா?

அனுராதா: தார் ரோட்டுல உக்காருததுக்கு அரக்குப் பட்டு! கையில மருதாணி எதுக்கு?

அர்வா: அது நான் வச்சு விட்டதும்மா. சும்மா... பொழுது போகல.

அனுராதா: தலை நெறைய மல்லி?

வேணி: வெயிலுக்குக் குளிர்ச்சிம்மா.

அனுராதா: அந்தா, ஆம்பளைங்க பக்கம் ஒருத்தன் பட்டு வேட்டியோட திருதிருன்னு முழிக்கான். அவனுக்கும் குளிர்ச்சியா?

அர்வா: யா அல்லாஹ்...

அனுராதா: மடியில என்ன பை? இங்கன கொண்டா.

வேணி: அதுல ஒண்ணும் இல்லம்மா. மாத்துத் துணி...

அனுராதா: மாத்துத் துணிக்குள்ள மாலை எப்படி வந்துச்சு? ஒண்ணு... இன்னொண்ணு... குங்குமச் சிமிழ்... ஏ, இது என்னட்டீ? மஞ்சக் கயிறு?

வேணி: பைய மட்டும் குடுத்துருங்கம்மா.

அனுராதா: வாயத் தொறக்கியா, அவனக் கூப்பிடவா?

வேணி: அவரு பேரு காசிலிங்கம்மா.

அனுராதா: நான் பேரக் கேட்டனா?

வேணி: இன்னைக்கு எங்களுக்குக் கல்யாணம்மா. உள்ள விடாட்டாப் போங்க, பஸ் நிக்க எடத்துல நடுரோட்டுலயே உக்காந்து மாலை மாத்திக்கிடுவோம்னு தெருவே சேந்து முடிவு பண்ணுச்சு. எவனும் ஒரு கெட்ட வார்த்தை பேசப்படாது, ஒரு கல்லத் தொடப்படாது. உக்காரணும், அம்புட்டுதான். மாலைய வெளிய எடுக்கதுக்குள்ள நீங்க வேனோட வந்துட்டீங்க.

அர்வா: வந்து, நேரா மணமேடைகிட்டயே கொண்டாந்து விட்டுட்டீங்க! அதாம்மா அவளுக்குச் சிரிப்பு நிக்கல.

அனுராதா: அடிப்பாவிகளா! அப்போ இங்கன உக்காந்திருக்க பெரியவங்க எல்லாம்...

வேணி: மாமா, அத்தை, ஒண்ணுவிட்ட சித்தி...

அனுராதா: நான் ஒரு கல்யாண வீட்டையே கைது பண்ணியிருக்கேனா?

அர்வா: முழுசா! நாயனக்காரர் உட்பட.

அனுராதா: நாயனக்காரரா? அவரையும் வரச் சொல்லியிருந்தீங்களா?

வேணி: இல்லம்மா. அவரு யாருன்னே தெரியாது. பாவம், பஸ்ஸுக்கு நின்னாரு. உங்க ஏட்டையா அவரையும் சேத்து ஏத்திட்டாரு.

அனுராதா: சிரிப்பு மூட்டாத... இரு, போன் வருது. சார்... ஆமா சார். பக்கத்துல இதான சார் இருந்துச்சு... இல்ல சார்... சரிங்க சார்.

வேணி: என்னம்மா?

அனுராதா: இன்ஸ்பெக்டர். தலைவரு யார்ட்டயோ பேசிட்டாராம். உங்கள இங்கன வைக்கப்படாதாம். வேன் வருது. சேரன்மகாதேவியில வேற மண்டபத்துக்கு மாத்தணும்.

வேணி: எப்போ?

அனுராதா: இப்பவே.

அர்வா: ஏ வேணி... ஏட்டி, அழாத. இம்புட்டு நேரம் சிரிச்சிட்டு...

வேணி: அழல. எம்மா, சேரன்மகாதேவியில கட்டுனாலும் தாலி தாலிதான். எனக்கு இங்கன கட்டணும்மா. இதுக்குள்ள எங்க தெருக் கல்யாணம் ஒண்ணு நடந்துட்டுன்னா, பொறவு எந்த மூதி வந்து எங்களப் பாத்து வழக்கமில்லம்பான்? எனக்குப் பொறவு எந்தப் பிள்ளையும் பட்டுச்சேலையோட ரோட்டுல உக்காரப்படாது.

அனுராதா: வேன் வந்துட்டுன்னா என்ன பண்ணுவ?

வேணி: இங்கனயே உக்காந்துருவேன். தூக்கிட்டுப் போங்க.

அர்வா: நானும். நான் கொஞ்சம் கனம்மா, இப்பவே சொல்லிட்டேன்.

அனுராதா: கோட்டிக்காரிகளா... ஏட்டையா! வேன் வந்துட்டா? சரி, டிரைவர டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. வடையும் வாங்கிக் குடுங்க. ஒண்ணும் அவசரமில்ல, பைய வரட்டும். அப்படியே வாசக் கேட்டப் பூட்டிருங்க. ஆளு சரி பாத்துக்கிட்டு இருக்கோம்னு தலைவர்ட்ட சொல்லுங்க.

வேணி: எம்மா...?

அனுராதா: என்னத்த எம்மா? மாலை வாடுது பாரு. அந்தப் பட்டு வேட்டியக் கூப்பிடு. சித்தப்பாவ மேடைல இருந்து எழுப்பு. நாயனக்காரர் கையில வாத்தியம் இருக்கா?

அர்வா: இருக்கும்மா! அண்ணாச்சி, எந்திரிங்க! பஸ் போனாப் போகுது, சோலி வந்துட்டு!

வேணி: உங்க வேலைக்கு ஏதும் ஆயிராதாம்மா?

அனுராதா: காவல்ல இருக்கவங்க கல்யாணம் பண்ணப்படாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். சாட்சிக்கு ஆளு வேணும்னாலும் நான் இருக்கேன். தலைய நிமித்து, பொட்டு கலைஞ்சிருக்கு.

வேணி: உங்களுக்கு நாங்க என்ன ஒறவா, என்ன பழக்கமா? பக்கத்துல இருக்குன்னு சும்மா கொண்டாந்து விட்டீங்க. இப்போ எங்களுக்காக இம்புட்டு...

அனுராதா: சும்மாவா? ஸ்டேஷனுக்குப் பின்னாலயே ஒரு மண்டபம் காலியாக் கெடக்கு. அதத் தாண்டி வேன இங்கன விடச் சொன்னது நாந்தாம்ட்டீ. என் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு நானே இங்க வந்தேன். எங்கப்பா பேரச் சொன்னதும் சேர் போட்டு, காப்பி குடுத்து, தேதி எழுதுனாங்க. மாப்பிள உங்க தெருன்னு சொன்னதும், அதே தேதிய எம் முன்னாலயே அடிச்சுட்டாங்க.