பாறைக்கிட்ட நிக்கிற மீன்

இல்ல தம்பி, செவ்வாக்கிழமைதான் எங்க கடலுக்கு ஓய்வு. இன்னிக்கு வியாழன்ல. நீங்க கேக்கறது நியாயந்தான், தோணியெல்லாம் இந்நேரம் தண்ணிக்குள்ள இருக்கணும். தலைநகரம் அக்ராவுலேருந்து இவ்வளவு தூரம் மீன் அளக்க வந்துட்டு வெயில்ல ஏன் நிக்கிறீங்க? இப்படி நிழலுக்கு வாங்க. மீனுக்குப் புகை போடற அடுப்போரமா உக்காருங்க, புகை வராது. பத்த வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

உங்க ஆபீஸ் ஒரு மாசம் கடலை மூடினதுக்கா? சேச்சே, நான் ஏன் திட்டப் போறேன். மொத வருசம் திட்டினேன், இல்லைங்கல. இந்தக் கரையில இந்த அராபா வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. ஆனா சினை மத்தியை விட்டு வச்சாத்தானே அடுத்த வருசம்னு ஒண்ணு இருக்கும்? மூடுங்க. அப்படியே ராத்திரியில கல்யாண வீடு கணக்கா லைட்டு போட்டுக்கிட்டு வர்றானே பெரிய கப்பல்காரன், அவனையும் கொஞ்சம்... ம், தெரியும். அது உங்க கையில இல்ல.

ஆமாங்க, தண்ணி சூடாத்தான் கிடக்கு. முன்னெல்லாம் ஆகஸ்டுல கடல்ல கால் வைக்க முடியாது, அப்படிச் சில்லுன்னு இருக்கும். மத்தி கரைக்கே வந்துரும். இப்ப அந்தக் குளிரு விருந்தாளி மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போயிடுது. மீனு குளிரைத் தேடி ஆழத்துக்கு எறங்குது, பயலுகளும் பின்னாடியே போறானுங்க. அங்க ஆழத்துல ஒரு பாறை இருக்கு, அதுக்கிட்ட எங்க மாமனாரெல்லாம் வலையே போட மாட்டாரு.

சொல்றேன், அதுக்குத்தானே வர்றேன். நீங்க கடலைத் திறந்த அன்னிக்கு எல்லாரும் கொட்டடிச்சுக்கிட்டுப் போனாங்க. பாறைக்கிட்ட நல்ல மீனு. வலை அடியில மாட்டிக்கிச்சு. எடுத்து விடறதுக்கு ஒரு பையன் முங்கினான். வலை வந்துச்சு. அவன் வரல.

அதான் மூடிக் கிடக்கு. கடல் ஒருத்தனை எடுத்துக்கிச்சுன்னா, உடம்பு கிடைக்கிற வரைக்கும் இங்க யாரும் வலை போட மாட்டாங்க. தேடறதுக்கு மட்டும் போவாங்க. உங்க சட்டத்துக்காச்சும் ஒரு தேதி இருக்கு, இதுக்கு அதுவும் இல்ல. நடுவுல திறக்கணும்னா பெத்தவ வாயால சொல்லணும். மீனவத் தலைவரே ஆனாலும் போய் அவளைக் கேக்க முடியாது.

கரெக்ட்டு. குளிரு இன்னும் ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். விட்டா இந்த வருசத்து மத்தி போச்சு. ஒரு மாசம் அரை வயித்தோட கிடந்த சனம், அவங்களுக்குத் தெரியாதா? ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. அவ வீட்டைத் தாண்டறப்ப, அழற புள்ளைங்க வாயைப் பொத்தித் தூக்கிட்டுப் போறாங்க. பசின்னு அவ காதுல விழுந்துடக் கூடாதாம். அதுதான் தாங்கல தம்பி. நாலு பேரு வந்து நல்லாத் திட்டினாத் தேவலை.

சாப்பிடறீங்களா? சோள மாவுக் கெங்கிதான், நேத்து அவிச்சது. நான் பண்ணலை, யார் யாரோ கொண்டாந்து வச்சுட்டுப் போறாங்க. அவங்க வீட்டுப் புள்ளைக்கு இல்லாததை எனக்குக் குடுக்கறாங்க. எனக்கு எங்க எறங்குது?

அட, ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. ஆமா, எம்புள்ளதான். க்வாமினா. இப்பதான் தலைவர் வீட்டுக்குப் போய், திறந்துடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த மனுசன் அழுதாரு. நான் அழல. நாளைக்குக் காலையில எறங்கறாங்க. அதே பாறைக்குத்தான் போவாங்க, வேற எங்க போவாங்க, மீனு அங்கதானே நிக்குது. வலையை மட்டும் மெதுவாத் தூக்குங்கடான்னு சொல்லியிருக்கேன்.