பின்படிக்கட்டுப் பலகை

வீட்டுக்கு வெளியே எந்தப் பலகைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை நான் நகரசபைக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கனடாவில், ஸ்காபரோவில் இருந்த என் வீட்டை விற்க முடிவுசெய்திருந்த 1994 தை மாதம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாள் தந்தாள். விற்பனைப் பலகை, வீட்டிலக்கம், ஆபத்தை எச்சரிக்கும் சிறு பலகை, இவற்றுக்கெல்லாம் அனுமதி தேவையில்லை. கவனமாக வாசித்தேன்.

மேல்மாடியில் பஸ்ரியனும் மனைவி மக்டலீனும் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு வழி பின்பக்க மரப்படிக்கட்டு. அதில் மேலே ஒரு படி உக்கி இற்றிருந்தது, கைபிடியும் ஆடியது. பனி கரைந்ததும் திருத்தலாம் என்று இருந்தேன். பஸ்ரியன் பொறுக்காமல் ஒரு பலகையில் ஆபத்து என்று சிவப்பு மையால் தமிழிலும், யாரிடமோ கேட்டு இங்கிலீஷிலும் எழுதிப் படியடியில் அடித்துவிட்டான். வீடு பார்க்க வருகிறவர்கள் அதைத்தானே முதலில் காண்பார்கள்.

“தம்பி, உதுக்குப் பெர்மிட் வேணும். சிற்றியிலை இருந்து வந்தால் உம்மடை பேரைத்தான் எழுதுவினம்.”

அவனுடைய அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை.

“ஐயோ, எனக்கு வில்லங்கம் வேண்டாம் அண்ணை,” என்று உடனே கழற்றித் தந்தான். நான் அதைப் பேஸ்மென்ற்றில் வைத்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது, வேரோனிக்கா வந்தாள். மக்டலீனுக்குக் கோயிலில் பழக்கமானவள். தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் சொல்ல வந்திருந்தாள். அந்தப் படிக்கட்டில் அவள் அதற்குமுன் ஏறியதில்லை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது படி முறிந்தது.

அன்றிரவே ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

மூன்றேகாலுக்கு அவளைக் கண்டேன், உடனே போன் எடுத்தேன் என்று பொலிசுக்குச் சொன்னேன். பலகை அதன் இடத்தில் இருந்தது. அவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். வேலையால் வந்த பஸ்ரியன் பலகையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. பொலிஸ்காரரின் கேள்வியை நானே தமிழில் கேட்டேன்.

“இது எப்பவும் இஞ்சைதானே தம்பி இருந்தது?”

குனிந்து சப்பாத்திலிருந்த பனியைத் தட்டினான். பிறகு “ஓம்” என்றான். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

செத்தவீட்டுக்கு வந்த பஸ்ரியன் உள்ளே வராமல் பார்க்கிங்கிலேயே நின்றான். பொய் சொன்னது அவனை வருத்துகிறது என்று நினைத்து அவனுக்காகப் பரிதாபப்பட்டேன். எனக்கும் அது சுகமான காலமில்லை. இன்றுவரை ஒரு படம் மாட்டக்கூட என்னால் ஆணி அடிக்க முடிவதில்லை.

இத்தனை வருடம் கழித்தும் நீங்கள், நான் பொலிசுக்குச் சொன்ன நேரத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சரி. மூன்று மணிக்கே குசினி யன்னலால் அவளைக் கண்டேன். ஓடித்தான் போனேன். பனியில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது.

“அங்கிள்,” என்றாள்.

“இந்தா வாறன் பிள்ளை, அசையாமல் கிடவும்.”

சொல்லிவிட்டுப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். பலகை உடனே கிடைத்தது. சுத்தியலைத் தேடத்தான் நேரமெடுத்தது. மூன்று ஆணிகள். அடித்து முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் போன் எடுக்கப் போனேன்.