குடிக்குறி போட்ட மாடு

"ஹலோ... ஹலோ... ஓம், நான்தான், நேசம்மை. சொல்லுங்க அண்ணன்."

அவர்களுக்காக வழக்குப் பேசிய பிறக்கிராசி மொறிஸ் துரையின் கந்தோரில், தொலைபேசி என்ற சாமானை நேசம்மை அன்றுதான் கையால் தொடுகிறாள். எதிர்முனையில் பேசுகிற கந்தப்போடியை, கூடப்பிறந்த பாவத்துக்கு, நாற்பது வருடமாகத் தெரியும்.

"ஓம்... ஓம்... கத்தாதீங்க, காது போகுது... மாட்டுல உங்கட குடிக்குறி சுட்டுக் கிடந்தா, அது எனக்கும் குறிதானே? ஒரு வயிறு, ஒரு குடி. அம்மா எனக்குச் சீதனமாத் தந்த மாட்டை எண்ட புருசன் களவெடுத்தார் எண்டு வழக்கு வெச்சது ஆரு?... ஓம், பொய் வழக்கு. நீதவான்தானே சொன்னவர். வெச்சவரே செலவையும் கட்டட்டும் எண்டவர்... என்ன?... கட்டாமலே, காசு கிடைச்சுது எண்டு இவரைக் கையெழுத்து வெக்கச் சொல்லவா?"

முப்பது ஏக்கர் வயல் வட்டைக்குச் சொந்தக்காரன் கேட்கிற கேள்வியா இது!

"தெரியும். நாலு மணிக்குள்ள கட்டாட்டி மறியல்ல போட்டுப் பூட்டுவாங்க... ஓம், ஓம், தங்கச்சிதான். இவரை விலங்கு போட்டுச் சந்தையால நடத்திக்கொண்டு போகக்குள்ள அந்த எண்ணம் எங்க போனது?..."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. என்ன இருந்தாலும் அண்ணன் மறியலுக்குப் போவதைப் பார்க்க அவளுக்கும் மனமில்லை.

"சரி... சரி, அழாதீங்க. இவர் வெளியிலதான் நிக்கார், கேக்கிறன்... ஓம், மாட்டை இண்டைக்கே அனுப்பிடுங்க. ஒரு மாசம் உங்கட பட்டியில நிண்டது போதும்... ஏன், ரெண்டு நாள் செல்லுமா?... பால் மறுக்குதா?... என்னத்த அனுப்ப?"

நேசம்மை கதிரையை விட்டு எழுந்தாள்.

"கண்டுக்குட்டியையா கேக்கிறாய்? காட்டிக் கறக்கவா?... தூ! ஊர் விதானை, வழக்கு மாடு எண்டு அவுத்துக்கொண்டு வந்து உண்ட பட்டியில கட்டக்குள்ள, கண்டையும் கூட விடு எண்டு உண்ட கால்ல விழுந்தன். கண்டு வழக்குல இல்ல எண்டாய். பத்தாம் நாள் செத்துப்போச்சு. இவர் மறியல்ல. நான்தான் குழி வெட்டினன். நீ கறந்து வித்தது அதுட பால்... கதையாத! கையெழுத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. மணி மூண்டரை. காச எடுத்துக்கொண்டு நீதவான்ட கோட்டுக்குப் போ. வண்டில்ல போகாத. இவர் போன மாதிரி, சந்தையால நடந்து போ."

அந்தச் சாமானை எப்படி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கத்திக்கொண்டிருந்த அண்ணனை மேசையில் கிடத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.