ஒன்றாம் எண் முகம்

என்னுடைய பெரிய கேமராவில் ஒரு படத்தை அழிக்க மூன்று முறை பொத்தானை அழுத்த வேண்டும். குப்பைக்கூடை படம் போட்ட பொத்தானுக்கு ஒரு தடவை. இந்தப் படம் மட்டுமா, எல்லாமா என்று கேட்கும், அதற்கு ஒரு தடவை. நிச்சயமாகவா என்று கேட்கும், அதற்கு ஒரு தடவை. கீழே எங்கள் ஜீப்காரன் ஆந்தையை நான்கு பேர் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் கிடத்திக்கொண்டிருந்தபோது, நான் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல்தட்டில் மண்டியிட்டு மூன்றாவது தடவைக்கு வந்திருந்தேன்.

கை நடுங்கவில்லை. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

"என்னங்க, சீக்கிரம் வாங்க, மூச்சு இருக்கு" என்று கீழேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"இதோ வந்துட்டேன்மா" என்றேன். பொத்தானை அழுத்தினேன். படம் போயிற்று. பிறகு ட்ரைபாடின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து மடக்கினேன். மண்ணோடு மடக்கினால் திருகு பிடித்துக்கொள்ளும்.

அழித்த படம் மெமரி கார்டை விட்டு உண்மையில் போவதில்லை, ஸ்டூடியோக்காரரான உங்களுக்கு அது தெரியாதா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும் சார். குழந்தையின் முதல் நடையை அழித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வரும் அம்மாக்களுக்கு நானே எத்தனையோ தடவை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். பதற்றத்தில் மனிதனுக்குத் தன் தொழில்தான் முதலில் மறக்கும்.

என் தொழில் பாஸ்போர்ட் படம் எடுப்பது. பஸ் நிலையத்துக்கு எதிரே, பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு நாளைக்கு நாற்பது முகமாவது வரும். "நேரா பாருங்க, தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி, என் மனைவி சொல்வதுபோல, தூக்கத்தில்கூட அதைத்தான் உளறுவேன். விடுமுறை வந்தால் காடு. இருபத்திரண்டு வருடமாக. என் முழங்கை நீளத்துக்கும் மேலான லென்ஸ், அதைத் தாங்க ட்ரைபாட், எல்லாவற்றையும் தாங்க இடுப்புப் பட்டை.

அவளுடைய கேமராவை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இரண்டு வருடம் முன்னால், திருமண நாளுக்கு. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் என் கேமராவில் இருக்கும் அதே முழு அளவு, ஃபுல் ஃப்ரேம். ஒரே ஒரு சின்ன லென்ஸ், தூரத்தை இழுக்காது. எதையாவது கிட்டே எடுக்க வேண்டுமென்றால் கிட்டே நடந்து போக வேண்டும். வீட்டோடு வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் இருந்தாள். பொங்கி வழியும் பால், தங்கை மகளின் விழுந்த பல், கொடியில் காயும் என் சட்டை, சோபாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் கால் கட்டைவிரல்.

என் முகம் மட்டும் இல்லை. அதை நான் கொடுத்ததில்லை. கேமராவை உயர்த்தினாலே திரும்பிக்கொள்வேன், இல்லையென்றால் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வேன். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் நேரா பாருங்கன்னு அதட்டுறீங்க. நீங்க ஒரே ஒரு தடவை நேரா பாத்தா என்ன, கண்ணு கரைஞ்சிடுமா?" என்பாள். சிரித்துவிட்டுப் போவேன்.

ஆந்தை அந்தக் காட்டில் ஜீப் ஓட்டி, வழியும் காட்டுபவன். அந்திக் கருக்கலில் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அந்தப் பெயர். அவன்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதல் நாளே சொன்னேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

வாய்தான் கொஞ்சம் நீளம் அவனுக்கு. "சார், இது லென்ஸா பீரங்கியா? மிருகம் பயந்து சரணடைஞ்சிடப் போகுது" என்பான். அவளிடம், "அக்கா, சோப்பு டப்பாவைத் திறங்க, காட்டைக் கழுவலாம்" என்பான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அக்கா என்றுதானே கூப்பிட்டான், அப்புறம் என்ன சந்தேகம் என்று உங்கள் ஏட்டு கேட்டார்.

சென்ற வருடம் எங்கள் காட்டுயிர்ப் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சிக்கு அவளும் ஒரு படம் அனுப்பினாள். நான் பதினோரு வருடமாக அனுப்புகிறவன், ஆறுதல் பரிசு இரண்டு. அவள் படம் முதல் பரிசு. மழைக்கு முந்தைய கரிய வானம், வளைந்து கிடக்கும் நாணல், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காட்டெருமை அண்ணாந்து பார்க்கிறது. அவ்வளவுதான். என் படத்தில் அதே எருமையின் இமை மயிரை எண்ணலாம். நடுவர் என் தோளில் கை போட்டு, "சார், உங்க படத்துல மிருகம் இருக்கு. அவங்க படத்துல காடு இருக்கு" என்றார். மேடையில் அவள், "எல்லாம் என் வீட்டுக்காரர் கத்துக்கொடுத்தது" என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நானும் எழுந்து தட்டினேன். நான் கற்றுக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அந்தப் படத்தில் அவள் செய்யவில்லை.

அந்தப் படத்தைச் சங்கத்தார் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். என் ஸ்டூடியோவிலேயே மாட்டினாள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் நேராகப் பார்க்காமல் அதைத்தான் பார்ப்பார்கள்.

முகப் பட்டியலுக்கு வருகிறேன், உங்களுக்கு அதுதானே முக்கியம். அந்தச் சின்னக் கேமராவில் வேண்டியவர்களின் முகங்களைப் பதிந்து வைக்கலாம். எண் போட்டு வரிசைப்படுத்தலாம். சட்டகத்துக்குள் எத்தனை பேர் இருந்தாலும், பட்டியலில் யார் முதலோ அவர் முகத்தைத்தான் அது தேடிப்போய்த் துல்லியமாக்கும். மற்றவர்கள் மங்கலானால் அதற்குக் கவலையில்லை. பதிவதற்கு ஒரே நிபந்தனை, அந்த முகம் கேமராவை நேராகப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் முன்னால், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கேமராவின் தூசியைத் துடைக்க எடுத்தேன். பட்டியல் திறந்தது. மூன்று, அவள் தங்கை. இரண்டு, தங்கை மகள். ஒன்று, ஆந்தை. நான் இல்லை.

கேட்டேன். ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அதுவா, எப்படிப் பதியுறதுன்னு ஜீப்ல வச்சு சோதிச்சுப் பாத்தேன். முன்னாடி அவன்தான் இருந்தான், பல்லைக் காட்டிக்கிட்டு. ஏன், பொறாமையா?" என்று கேட்டாள்.

"சேச்சே" என்றேன்.

இதை வைத்துத்தான் நீங்கள் வழக்கைக் கட்டியிருக்கிறீர்கள். மனைவி, ஜீப்காரன், பொறாமைக்காரப் புருஷன். பொறாமைக்காரன் என்று எழுதிய இடத்தில் நான் கையெழுத்துப் போட மறுக்கவில்லை.

இனி அந்த நாள். காலையில் விடுதியின் சாப்பாட்டு அறையில் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே நொடிக்குத் திருத்தி வைத்தாள். "ரெண்டு பேர் படத்தையும் நேரப்படி அடுக்கிப் பாக்கலாம், நீங்க மேலேயிருந்து, நான் கீழேயிருந்து" என்றாள். அப்புறம் திடீரென்று, "என்னங்க, என் கண்ணுல ஏதோ விழுந்திருக்கு, பாருங்களேன்" என்றாள். குனிந்து பார்த்தேன். மடியில் மறைத்திருந்த கேமராவைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டாள். "மாட்டினீங்களா" என்று குதித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

எங்கள் முறை எளிமையானது. அந்த நீர்க்குட்டைக்கு நடந்து போக அனுமதி உண்டு. நான் கோபுரத்தில் ஏறி, பெரிய லென்ஸால் நாணல் முழுவதையும் அலசுவேன். ஒன்றுமில்லையென்றால் லென்ஸ் துடைக்கும் வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டுவேன். துணி மேலே இருக்கும்வரை நடக்கலாம். இறங்கினால் நின்றுவிட வேண்டும். அவள் முன்னால் போவாள், ஆந்தை இரண்டடி பின்னால். அவள் படத்தில் அவன் முதுகு விழக்கூடாது என்று அவனே வைத்துக்கொண்ட ஒழுங்கு. இருபது தடவை அப்படிப் போயிருப்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு நாணலுக்குள் ஒன்றும் தெரியாது. என் லென்ஸ்தான் அவர்களுக்குக் கண்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு நாணலின் இடது ஓரத்தில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு காது. கூட்டத்திலிருந்து விரட்டப்பட்ட தனிக் காட்டெருமை, படுத்திருந்தது. நடக்கும் பாதையிலிருந்து பத்தடிகூட இருக்காது. நான் ஒரு படம் எடுத்தேன். பழக்கம். இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்தது.

துணியைத் தூக்கினேன்.

அவர்கள் நடந்தார்கள். குட்டைக்கு நாற்பது தப்படி. நாற்பது தப்படிக்கும் என்னிடம் நேரம் இருந்தது. அதை நீங்கள் வலியுறுத்திக் கேட்டீர்கள், நானும் ஆமாம் என்றேன். கண்ணை லென்ஸிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் கண்ணால் அவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது தப்படியில் அவள் நின்றாள். திரும்பினாள். கோபுரத்தை நோக்கிக் கேமராவைத் தூக்கினாள்.

"என்னக்கா?" என்றான் ஆந்தை.

"இருடா, அவரு நேரா பாக்குறாரு" என்றாள். காற்று என் பக்கம் அடித்தது, தெளிவாகக் கேட்டது.

"எடுங்க எடுங்க, அதிசயம்தான். நான் முன்னாடி போய்ப் பாக்குறேன்" என்று அவளைத் தாண்டி நடந்தான். மேலே பார்த்தான். துணி உயரத்தில்தான் இருந்தது. இறக்கினால் ஏன் இறக்கினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான். நல்ல பையன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

இன்று காலை அவள் எடுத்த அந்தப் படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தீர்கள். நாலு பன்னிரண்டு. முன்னால் பெரிதாக ஆந்தையின் முகம், மங்கல். பின்னால், கோபுரத்தின் மேல், பட்டாணி அளவில் என் முகம், கையில் வெள்ளைத் துணி. ஊசிமுனைத் துல்லியம். என் படம் எருமையை நாலு பத்துக்கே நான் பார்த்துவிட்டதைச் சொல்கிறது, அவள் படம் அதன்பிறகும் துணியை நான் பிடித்திருந்ததைச் சொல்கிறது. சாட்சிக்கு அது போதும். நீங்கள் அதோடு நிறுத்தவில்லை. கேமரா ஏன் அவனை விட்டுவிட்டு உங்களைத் தேடிப் பிடித்தது தெரியுமா என்று கேட்டு, பட்டியலைத் திறந்து காட்டினீர்கள். ஒன்று, நான். அன்று காலை சாப்பாட்டு மேசையில் எடுத்த முகம். ஆந்தை நாலாவது இடத்துக்குப் போயிருந்தான். "ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு பையனைக் கொன்னுட்டீங்களே" என்றீர்கள். நான் அழுவேன் என்று கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்தீர்கள். நல்ல மனசு.

அந்தப் பட்டியலை நான் அன்று மத்தியானமே பார்த்துவிட்டேன் சார். ஜீப்பில் அவளே காட்டினாள். "இப்ப சந்தோஷமா? இனிமே எங்க நின்னாலும் உங்களைத்தான் தேடும்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, அதற்கு முந்தின நாள் அதிகாலையில் எடுத்ததென்று அடுத்த படத்தைக் காட்டினாள். பனி, குட்டை, ஒரே ஒரு கொக்கு. இந்த வருடக் கண்காட்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். அதற்கும் முதல் பரிசுதான் கிடைக்கும். எனக்குப் படம் பார்க்கத் தெரியும்.

இப்போது நீங்கள் காட்டிய படத்தில் தொடுவானம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை, கவனித்தீர்களா?

ஆந்தைமீது எனக்குக் கோபம் இல்லை என்று முதல் நாளே சொன்னேன், நீங்கள்தான் எழுதவில்லை. இப்போது எழுதிக்கொள்ளுங்கள். நான் துணியைத் தூக்கியது முன்னால் நடக்கும் ஆளுக்காக. எப்போதும் முன்னால் நடப்பவள் அவள்.