மறுபுறத்தானின் முதுகு

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. ஒரு அட்டைத் துண்டை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இத்தனை பேர் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற விசாரணை அறையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பரவாயில்லை, உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பில் இறந்துபோன என் தங்கை கணவரைப் பற்றி நீங்கள் வந்திருக்கிற முடிவு தப்பு.

மறுபுறத்தானைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வேறொரு பரிமாணத்திலிருந்து சுவரைக் கிழித்துக்கொண்டு வந்து, தூங்குகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் பூதம். தொடரை எழுதியவர் எனக்குக் கொடுத்த விவரம் ஒரே வரி. "உயரமா, வழவழன்னு, பார்த்தா வயித்தைக் கலக்கணும்." அவர் கற்பனை அதோடு தீர்ந்துபோயிற்று. மீதி எல்லாம் என் பட்டறையில் நடந்தது. அதற்குக் கண் வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். கண் இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஜனங்களுக்கு ஒரு நப்பாசை வந்துவிடும். நுரை ரப்பரை அச்சில் ஊற்றி, வேகவைத்து, உரித்தெடுத்து, நரம்பு நரம்பாகக் கையால் ஒட்டினேன். விருது விழா மேடைக்கு இயக்குநர் போனார், எழுத்தாளர் போனார், தயாரிப்பாளரின் மனைவிகூடப் போனார். என் பெயர் கடைசியில், கார் ஓட்டியவர்களுக்கும் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும் நடுவில், கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிடும்.

உடைக்குள் போக ஒரு நெட்டை ஆள் தேவைப்பட்டது. என் தங்கை கணவர் நெட்டை. அதைத் தவிர அவரிடம் வேறு எந்தத் திறமையையும் நான் கண்டதில்லை. ஒரு கடையில் ஏணி இல்லாமலே மேல் அலமாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "நிக்கணும், நடக்கணும், அவ்வளவுதான் மாப்பிள்ளை" என்று சொல்லி நான்தான் அழைத்துவந்தேன்.

அந்த உடைக்கு ஜிப் முதுகில். உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது, நீள நகங்களோடு கை பின்னால் வளையாது. கத்தினால் வெளியே கேட்காது. தலைக்குள் ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அதன் இரைச்சல் ஒலிப்பதிவில் விழும் என்பதால் காட்சி ஓடும்போது அணைத்துவிடுவோம். ஆகவே எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. மூச்சு முட்டினால் இரண்டு கையாலும் மார்பில் தட்ட வேண்டும். தட்டியதும் நான் ஓடிப்போய்த் திறப்பேன்.

ஒரு நாள் காட்சியின் நடுவிலேயே தட்டினார். திறந்துவிட்டேன். வியர்வையில் ஊறி, மழையில் நனைந்த கோழி மாதிரி மாப்பிள்ளை வெளியே வந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் திரையில்தான். "அது என்னங்க, மாருல தட்டுறது? பிரமாதமா இருக்கே. அந்த உலகத்து பாஷை மாதிரி இருக்கு."

"வெச்சுக்கலாமே சார்" என்றேன். அன்று என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பூதத்துக்கு ஒரு பழக்கம் இருந்தால் நல்லதுதானே.

மாப்பிள்ளைதான் தயங்கினார். "அப்ப நெஜமாவே முடியலன்னா என்ன பண்றது மச்சான்? வேற சைகை ஏதாவது வெச்சுக்கலாமா?"

"அந்த நகத்தை மாட்டிக்கிட்டு வேற என்ன பண்ணுவீங்க? நான் பக்கத்துலயேதான நிக்கிறேன். எது நடிப்பு, எது நெஜம்னு எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்" என்றார். எதைச் சொன்னாலும் அதுவும் சரிதான் என்று சொல்கிற மனிதர்.

அப்புறம்தான் அவருக்கு நடிப்பு வந்துவிட்டது. ஒரு காட்சியில் தூங்கும் குழந்தையின் கட்டிலருகே நின்று, தலையைச் சாய்த்து, மெதுவாக மார்பில் தட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரே அழுதது. பாவம், அதுக்கும் ஒரு மனசு இருக்கு என்றார்கள். பிள்ளைகள் தெருவில் மார்பில் தட்டிக்கொண்டு ஓடினார்கள். கடைகளில் என் பூதத்துக்குப் பஞ்சு அடைத்துத் தொங்கவிட்டார்கள், குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்க. வயிற்றைக் கலக்க நான் செய்ததை ஒரு நாய்க்குட்டியாக்கிவிட்டார் அந்த மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பரிமாறிக்கொண்டே சிரித்தாள். "நீ வெறும் தோலைத்தான் செஞ்ச அண்ணே. உசிரு குடுத்தது இவருதான்." அவர் வெட்கப்பட்டு, "சும்மா இரு, மச்சான் இல்லன்னா நான் ஏது?" என்றார். நானும் சிரித்தேன். அவளுக்கு விவரம் போதாது, அவளைக் கோபித்து என்ன பயன்?

கடைசிக் காட்சியில் மறுபுறத்தான் இரண்டு உலகத்துக்கும் நடுவே சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது என்று முடிவு. மத்தியானம், விளக்குகளின் சூடு வேறு. ஜிப்பை ஏற்றும்போது மாப்பிள்ளை சொன்னார்: "கொஞ்சம் சளி புடிச்சிருக்கு மச்சான், மூக்கு அடைக்குது. பாத்துக்கங்க."

"நான் இருக்கேன்ல" என்று சொல்லி விசிறியை அணைத்தேன்.

முதலில் ஒத்திகையில் செய்த மாதிரியே தட்டினார். நடிப்புக்குத் தட்டும்போது அவர் முழங்கை விரியும், தட்டுவதில் ஒரு தாளம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் முழங்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. தாளம் கெட்டது. நகங்கள் ரப்பரைப் பிறாண்டின. சந்தேகத்துக்கு இடமே இல்லை, எனக்கு உடனே தெரிந்தது.

ஆனால் சுற்றிலும் பார்த்தேன். ஒப்பனைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விளக்குக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். இயக்குநரின் முகம் வெளுத்திருந்தது. பஞ்சுப் பொம்மை போய், என் பூதம் முதல்முறையாக அங்கே நின்றது. அதை நான் எப்படிக் கலைப்பது?

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். பூதத்தின் மூக்குத் துளை வழியாக அவருக்கு நான் தெரிவேன். என்னைப் பார்த்தே தட்டினார். நான் தலையாட்டினேன், நன்றாகச் செய்கிற நடிகரைப் பார்த்து ஆட்டுவோமே, அந்த மாதிரி. அவர் மேலும் கொஞ்சம் தட்டிவிட்டுச் சரிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு போய் நிதானமாக ஜிப்பை இறக்கினேன்.

அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீ பக்கத்துல இருந்தியே அண்ணே, அதுவே போதும்" என்று அழுதாள். நான் பேசாமல் இருந்தேன். இன்னும்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று உங்கள் நிபுணர் பட்டறைக்கு வந்தார். உடையைப் பழைய துணி மாதிரி விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஜிப் சிக்கிக்கொண்டதால் நேர்ந்த விபத்து, மட்டமான வேலை என்றார். செய்தியிலும் அப்படியே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஜிப் சிக்கவில்லை ஐயா. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும், இப்போதே வந்து இழுத்துப் பாருங்கள். அது திறக்காமல் இருக்கவில்லை, நான் திறக்கவில்லை. இதை நீங்களே என் தங்கையிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அவள் மனசு ஆறும்.