கொய்யாக் காம்பு

மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பிரேம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. பங்குனியில் போடியில் அடித்துக் கொடுத்த பிரேமை ஒருவர் மலைக்குக் கொண்டுபோனால், ஐப்பசியில் மூலை தெறித்துத் திரும்பி வரும். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மரத்தின் மேல் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. எங்கே போய்த் தொங்கப்போகிறது என்று கேட்டுக்கொண்டு அடித்திருக்க வேண்டியது நான்தான். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். கோடாலிக்கு வருகிறேன்.

என் பெயர் பொன்னுமணி. பழைய கைக்கருவிகள் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் இருக்கிறேன். போடியிலும் சுற்றுப்பட்டிலும் எங்களைப் போல இருபது பேர் இருப்போம். உளி, வாச்சி, இழைப்புளி, எஸ்டேட் காலத்துக் கோடாலி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பைத்தியம். போனில் படம் போட்டுக்கொள்வோம். மாதம் ஒரு முறை குரங்கணி அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் கூடுவோம். வீட்டில் இருப்பவர்கள் எங்களைப் பேரீச்சம்பழ குரூப் என்பார்கள். பழைய இரும்புக்கு வேறென்ன கிடைக்கும் என்கிற கேலி.

என்னுடையவற்றை நீங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பின்னால் கறுப்பு வெல்வெட் கொடுத்து, சுவரில் மாட்டியிருக்கிறேன். துரு மேலும் ஏறாது, கை படாது. அதன் படத்தைக் குழுவில் போட்டால் கட்டைவிரல் அடையாளங்கள் வரும். அதோடு முடிந்துவிடும்.

சிவரஞ்சனி போட்டால் பேச்சு வரும்.

அவள் ஏலக்காய் வாங்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஜீப்பில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறவள். பழைய ஸ்டோர் ரூம்களில் கிடப்பதையெல்லாம் கேட்டு வாங்கிவருவாள். வாங்கிவந்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். "யாருக்கு வேணும், எடுத்துட்டுப் போங்க. வாங்கிட்டுப் போனதை விடக் கூராத் திருப்பிக் கொண்டாங்க, அம்புட்டுத்தான்" என்று எழுதுவாள். அது எங்கள் குழுவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவள் வருவதற்கு முன்னால் எங்களுக்கு வழக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. நாங்கள் ஒருவர் பொருளை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

எனக்கும் குழுவில் ஒரு வேலை உண்டு. காம்பு மாட்டுவது. பழைய கோடாலிக்கோ வாச்சிக்கோ பிடி உளுத்துப்போனால் என்னிடம்தான் வரும். காய்ந்த மரமாகப் பார்த்துச் செதுக்கி, இரும்பின் துளைக்குள் ஏற்றி, மேலே ஆப்பு இறக்குவேன். பொதுவாகக் காம்பு போட்ட கோடாலியை வாங்குகிறவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டிப் பார்ப்பார்கள். இரும்பு ஆடினால் தெரிந்துவிடும். நான் மாட்டியதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு முறை புதிதாக வந்த ஒருவர் தட்டப்போனார். "யோவ், அது பொன்னுமணி அக்கா மாட்டுனது. அதைத் தட்டுறதும் அக்கா தலையில தட்டுறதும் ஒண்ணு" என்று சிலமலை மாரீஸ்வரன் அதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா மலையில் ஏலத்தோட்டத்துக்கு நிழல் மரத்துக் கிளைகளைக் கழிக்கிற வேலை பார்த்தவர். அவருடைய கோடாலி சின்னது. அதன் இரும்பின் நெற்றியில் அவரே உளியால் கீறிய மூன்று கோடு இருக்கும். வேலையை விட்டு வந்த பிறகு அது எங்கள் வீட்டுப் பின்னறைப் பரணில் கிடந்தது. நான் இந்தக் கருவிகளைச் சேர்க்க ஆரம்பித்ததே அதைப் பார்த்துத்தான். என்றைக்காவது அதற்கென்று ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று தேக்குப் பலகை எடுத்து வைத்திருந்தேன். அவசரமில்லை என்று நினைத்தேன். என் வீட்டுப் பரண், என் அப்பா.

ஒருநாள் சிவரஞ்சனி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். நான் கடையில் இருந்தேன். அப்பாவோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றிருக்கிறாள். மரத்தில் ஏறியபடி எப்படி ஒற்றைக் கையால் வெட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பரணிலிருந்து கோடாலியை எடுக்கச் சொல்லி அவர் செய்து காட்டியிருக்கிறார். போகும்போது, "அப்பு, இதை நான் எடுத்துக்கிடவா?" என்றிருக்கிறாள். அவர் எடுத்துக்கோ என்றிருக்கிறார்.

நான் வந்து கேட்டபோது அப்பா ஆச்சரியப்பட்டார்.

"நீ கேக்கவே இல்லையே ஆத்தா."

"கேக்கணுமாப்பா?"

"கேட்டாத்தான தெரியும்? உங்கிட்டக் குடுத்தா செவுத்துல அடிச்சு வச்சிருவ. அந்தப் புள்ள நாலு பேரு கைக்குக் குடுக்கும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காபி இருக்கிறதா என்று கேட்டார். நான் போட்டுக் கொடுத்தேன்.

அதன் காம்பு உளுத்திருந்தது. அதனால் தையில் அதை என்னிடமே கொண்டுவந்தாள். "அக்கா, நீங்க மாட்டினாத்தான் எனக்குத் திருப்தி. உங்க அப்பாவோடது வேற" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. அவளிடம் நான் கண்ட பெரிய குறையே அதுதான்.

கொய்யா மரம் காம்புக்கு நல்லது. ஆனால் காய்ந்திருக்க வேண்டும். நான் வீட்டுக் கொல்லையில் பச்சைக் கிளை ஒன்றை வெட்டினேன். செதுக்கி இரும்பை ஏற்றினேன். ஆப்பை வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் இறக்கினேன், உள்ளே ஆழமாகப் போகவில்லை. பிறகு தொட்டித் தண்ணீரில் தலைகீழாக ஊறப் போட்டேன். ஊறிய மரம் இரும்பை எப்படி இறுக்கிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சம்மட்டியால் அடித்தாலும் நகராது. காய்ந்த பிறகு விட்டுவிடும்.

துணியால் மேலீரத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, தோப்புக்குக் கொண்டுபோனேன். மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கோடாலியைத் தரையில் வைத்தேன். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

"நமக்குள்ள என்னக்கா சண்டை?" என்று சிரித்துக்கொண்டே அவள் எடுத்தாள். தட்டிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் தவறாக எழுதிவிடக் கூடாது. நான் சிவரஞ்சனிக்கு ஒன்றும் ஆக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவள் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அடிபட்டால் ஊரே ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வரும், குழு முழுக்க அவள் படுக்கையைச் சுற்றி நிற்கும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காம்பு எப்போது காயும் என்று எனக்குத் தெரியாது. யார் கையில் காயும் என்றும் தெரியாது. அவள் கையில் இருக்காது என்பது மட்டும் தெரியும். எதையும் அவள் கையில் வைத்துக்கொள்வதில்லையே.

அவள் கொடுத்த பொருளால் ஒருவருக்கு அடிபட வேண்டும். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் கைநீட்டி எதையும் வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான் நான் நினைத்தது. கால் விரல், முழங்கால், அந்த அளவில்தான் மனதில் இருந்தது.

பங்குனியில் மாரீஸ்வரன் மகள் நிலாவுக்குக் காதுகுத்து. கெடா வெட்டிச் சமையல். விறகு உடைக்கச் சிவரஞ்சனியிடம் கோடாலியை வாங்கிவந்திருந்தார். முதல் நாளே வாங்கி வெயிலில் வாசலில் போட்டிருந்தார். சிவரஞ்சனி அன்றைக்கு லோடு ஏற்ற மலைக்குப் போயிருந்தாள். நான் மொய்க் கவரோடு காலையிலேயே போய்விட்டேன்.

மாரீஸ்வரனின் மனைவி செல்லக்கிளி வாய்க்காரி. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. பந்தியில உங்க குரூப்புக்கு மட்டும் பாயசத்துக்குப் பதிலா பேரீச்சம்பழம் வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரன் கோடாலியை ஒருவருக்குக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது கூட நின்னு போட்டோ எடுக்கப் போறீகளா, வெறகு ஒடைக்கப் போறீகளா? உலை கொதிக்குது, வெரசாப் போடுங்க."

"இரு புள்ள. இது சும்மா கோடாலியா? மலையவே கழிச்ச கோடாலி."

"மலையக் கழிச்சது இருக்கட்டும். இந்தப் புளியங்கட்டை ஒடையுதான்னு பாப்பம்."

அவர் ஓங்கி நான்கைந்து கட்டை உடைத்தார். அவள் எதிரே குனிந்து சிராய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு காம்பில் கொஞ்சம் மேலே ஏறுவது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. காம்பின் முனை முதலில் இரும்புக்கு மேலே விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு இரும்போடு சமமாக ஆனது.

நிலா பட்டுப்பாவாடையோடு விறகுப் பக்கம் ஓடியது. "இங்கிட்டு வாடி தங்கம், அத்தைகிட்ட வா" என்று கூப்பிட்டு மடியில் இருத்திக்கொண்டேன். ஜிமிக்கி எங்கே, வளையல் எங்கே என்று பேச்சுக் கொடுத்தேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் குழந்தையை ஏன் கூப்பிடப் போகிறேன்?

செல்லக்கிளியையும் கூப்பிட்டிருக்கலாம் என்பீர்கள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்டிருப்பாள். எல்லார் முன்னாலும் நான் மாட்டிய காம்பு ஆடுகிறது என்று நானே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இரும்பு கழன்று போன சத்தம் பெரிதாக இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதபடி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செல்லக்கிளிக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

படத்துக்குப் பிரேம் என் கடையில்தான் போட்டார்கள். அப்பாவின் கோடாலிக்கென்று வைத்திருந்த தேக்கில் போட்டேன். மூலை சேர்த்த இடம் தெரியாது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

நான் நினைத்தபடிதான் முதலில் நடந்தது. சிவரஞ்சனி கொடுத்தவற்றையெல்லாம் ஆட்கள் அவள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இனி யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டேன் என்று அவள் குழுவில் எழுதினாள். காம்பு யார் மாட்டியது என்று ஒருவர் கேட்டபோது, "அக்கா நல்லாத்தான் மாட்டிக் குடுத்தாங்க. ஜீப்பு மேல வெயில்ல போட்டுக் கெடுத்தது நான்தான்" என்று அவளே சொன்னாள். நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வைத்தேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தோம்.

கருமாதி முடிந்து மாரீஸ்வரன் அவளைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். முன்பு வாங்கிப்போன அரிவாள் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தீட்டிக் கொண்டுவந்திருந்தார். அவள் காலில் விழப் போனாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"நீ தெரிஞ்சா குடுத்த தாயி? வீசுனது என் கை."

பிறகு உட்கார்ந்து, கொண்டுவந்த அரிவாளைத் தரையில் வைத்தார். எழுந்து போகும்போது, "ஒரு மம்பட்டி கெடந்துச்சே, குடு. வாய்க்கா வெட்டணும்" என்றார்.

கேட்டீர்களா? அவர் மறுபடியும் வாங்கினார்.

அவர் வாங்கியது தெரிந்ததும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தேவை இருந்ததோ இல்லையோ, உளியும் அரமும் கேட்டு வாங்கிப்போனார்கள். அப்பா நடக்க முடியாதவர், ஆட்டோ பிடித்துப் போய்த் தன்னுடைய பழைய வெட்டுக்கத்தியை அவள் கையில் கொடுத்து, அவள் தலையைத் தடவிவிட்டு வந்தார். என் தலையை அவர் தடவியதாக எனக்கு நினைவில்லை. நான் கேட்டிருக்க மாட்டேன்.

போன வாரம் அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, பொருள் என்னுடையது, வழக்கில் மாரீஸ்வரன் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள் என்று உங்களிடம் சொன்னாளாமே. போடி முழுக்க அதுதான் பேச்சு. எப்பேர்ப்பட்ட மனசு என்கிறார்கள். என் கடைக்குப் பிரேம் போட வருகிறவர்கள்கூட என்னிடமே சொல்கிறார்கள்.

மேடம், அவள் பெயர் அதில் எதற்கு? கிளையை வெட்டியது நான். செதுக்கியது, ஊறப் போட்டது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். அவளுக்கு ஒரு காம்பைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. அவள் செய்யாத வேலையை அவள் செய்ததாக ஊர் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன். பொறாமை என்று எழுதாதீர்கள், எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒன்று மட்டும். வழக்கு முடிந்து கோடாலியைத் திருப்பிக் கொடுப்பீர்கள் இல்லையா, அதை அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு வேண்டும். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், இந்தத் தடவை நான் வாய்விட்டுக் கேட்டேன் என்று.